பாறைத் தோட்டத்தில் ஓர் அம்மி

குர்லாவில் வாங்கிய அம்மியைத் தாராவிக்குக் கொண்டுபோக இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு சும்மாடும் போதும் என்று பிரம்மநாயகம் நினைத்ததில் தப்பே இல்லை. வழியில் ஒரு தோட்டம் இருப்பதை அவர் யோசிக்கவில்லை. அதுதான் தப்பு.

மறுநாள் காலை அவர் மகள் ஆவுடைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் செம்பூர்ப் பக்கம் எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை. தங்கமான பையன், வாயைத் திறக்க மாட்டான். திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவனுக்கும் சேர்த்து அவன் தாயார் உலகம்மாள் பேசிவிடுவாள். தாராவிக் கல்யாணங்களில் அம்மி மிதிக்க வேண்டிய நேரம் வந்தால் பக்கத்து வீட்டு அம்மியைக் கழுவித் தூக்கிவருவது வழக்கம். இதைக் கேட்டதும் உலகம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஊரான் கருவாட்டு மசால் அரச்ச கல்லுலயா எம் மருமவ காலத் தூக்கி வைக்கணும்?"

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு குர்லாவில் கல் கொத்துகிற கடைக்கு அவளே வந்தாள். தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு அம்மியையும் தட்டிப் பார்த்தாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முந்தானையில் முடிந்து வந்த மஞ்சளைக் குழைத்து அதன் தலைமாட்டில் ஒரு பொட்டு வைத்தாள்.

"பொண்ணு வீட்டுக்காரரே, நல்லாக் கேட்டுக்கிடும். இந்தக் கல்லு மேல அவ கால் பட்டாத்தான் செம்பூருக்கு வருவா. இல்லன்னா தாலியக் கட்டிட்டு எம் மவன் மட்டும் பஸ் ஏறிருவான்."

அவள் அவரைச் 'சம்மந்தி' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ரயில்வே பட்டறையில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவனைச் சம்மந்தி என்று கூப்பிட்டால் நாக்குத் தடித்துவிடும் என்ற பயமோ என்னவோ.

ஆக, அந்த மத்தியானம் பிரம்மநாயகமும் அவருடைய சிநேகிதர் ஷேக் பரீதும் சயானில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆளுக்குக் கொஞ்ச தூரமாக அம்மியைத் தலைமாற்றிக்கொண்டு நடந்தார்கள். பரீது தாராவியில் தோல்பை தைக்கிறவர். ஊசி பிடித்த கை, கல் பிடிக்கவில்லை. மூச்சு இரைத்தது.

"அண்ணாச்சி, அந்தா பத்தர் பாக். தொறந்துட்டான் போலுக்கு. நெழலு கெடக்கு. சித்த உக்காந்துட்டுப் போவோம்."

பத்தர் பாக் என்று ஜனங்கள் சொல்லும் அந்தப் பாறைத் தோட்டத்துக்குப் பழைய சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் பெம்பர்டன் என்று ஒரு துரை. அவர் மனைவி ஊர் ஞாபகம் வந்து ஓயாமல் அழுதாள். அவளைத் தேற்ற, எங்கெங்கிருந்தோ பாறைகளை வண்டியேற்றிவந்து மலைபோல அடுக்கினார். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டும் அழுதாள் என்று சொல்வார்கள். துரைமார் கப்பல் ஏறிப் போனபிறகு அங்கே ஆடு மேய்ந்தது; பெண்கள் பாறைமேல் துணி உலர்த்தினார்கள்; வீட்டில் இடமில்லாத புருஷன் பெண்டாட்டிகள் சாயங்காலம் வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. எனவே அரசாங்கம் தலையிட வேண்டியதாயிற்று. 'பழம்பாறைகள் புனரமைப்பு வாரியம்' என்று ஒன்று உண்டாகி, வேலி போட்டு, வருஷக்கணக்கில் யாரையும் உள்ளே விடாமல் புனரமைத்தார்கள். மறுநாள் காலை துணை மந்திரி வந்து திறந்துவைப்பதாக இருந்தது. ஜனங்கள் பழகிக்கொள்ளட்டும் என்று ஒருநாள் முன்னதாகக் கதவைத் திறந்து விட்டிருந்தார்கள்.

வாசலில் ஒரு பலகை. உள்ளே கொண்டுபோகக் கூடாத சாமான்களின் வரிசை: நாய், பந்து, குடை, வேர்க்கடலை, டிரான்சிஸ்டர். வாட்ச்மேன் பரீதின் குடையைப் பறித்து மூலையில் போட்டான். பிறகு அம்மியைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். உதடு அசைய மேலிருந்து கீழாக ஒருதடவை, கீழிருந்து மேலாக ஒருதடவை படித்தான். கல் என்று எங்கும் போட்டிருக்கவில்லை.

"ஜாவ்" என்று உள்ளே விட்டான்.

உள்ளே நிழல் என்று தெரிந்தது மரநிழல் இல்லை, தண்ணீர் டாங்க் லாரியின் நிழல். மரம், செடி, கொடி எல்லாவற்றையும் பாறைகளை மறைக்கின்றன என்று வெட்டி எடுத்துவிட்டார்கள். பாறைகள் மழையில் நனைந்து கறுத்து அலங்கோலமாக இருந்தனவாம். எல்லாவற்றுக்கும் சிமெண்ட் பூசி, அதன்மேல் பாறை நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பிரம்மநாயகம் தொழில் பழக்கத்தில் விரலால் சுரண்டப் போனார். எங்கிருந்தோ விசில் அடித்தது. கையை இழுத்துக்கொண்டார்.

ஓரிடத்தில் 'நீர்வீழ்ச்சி' என்று பலகை நட்டிருந்தது. நீரைக் காணோம். மந்திரி வரும்போது விழும் என்று அங்கே நின்ற தோட்டக்காரன் சொன்னான். இன்னோரிடத்தில் 'பாசி' என்று பலகை. பழைய பாசியைச் சுரண்டி எடுத்தாயிற்று, புதுப் பாசிக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள், குறைந்த விலைக்குத் தருகிற ஆளிடம்தான் வாங்க வேண்டும், அவனிடம் பாசி இல்லை என்றான்.

தலையில் கல்லோடு பிரம்மநாயகம் இதையெல்லாம் பயபக்தியுடன் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி விசில். வாட்ச்மேன் ஓடிவந்தான். பாதையில் கல்லோடு நிற்பது மற்றவர்களுக்கு இடைஞ்சலாம். இறக்கிவைக்க வேண்டும். எங்கே? கல் இருக்கவேண்டிய இடத்தில் கல் இருக்கட்டும் என்று பாறைகளுக்கு நடுவே ஒரு குழியைக் காட்டினான். குழிமுன் எண் போட்ட தகரச் சீட்டு மட்டும் இருந்தது. அதற்குரிய பாறையைக் கழுவக் கொண்டுபோன லாரி திரும்பி வரவில்லை என்று தோட்டக்காரன் சொன்னான். பிரம்மநாயகம் அம்மியை அந்தக் குழியில் இறக்கினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது.

இரண்டு பேரும் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். அம்மியைத் தூக்கினார்கள். வாசலுக்கு வந்தார்கள்.

"பத்தர் பாஹர் நஹீ ஜாயேகா" என்றான் வாட்ச்மேன். தோட்டத்திலிருந்து எந்தக் கல்லும் வெளியே போகக் கூடாது. இதற்கும் ஒரு பலகை இருந்தது. அது வெளியே போகிறவர்கள் பார்க்கும் பக்கமாக இருந்தது.

பரீது பம்பாய் இந்தியில் உள்ள எல்லா வார்த்தைகளையும் உபயோகித்தார். கெட்ட வார்த்தைகளைக் கடைசியில் வைத்திருந்தார், அவையும் தீர்ந்தன. வாட்ச்மேன் இரண்டு பேரையும் ஆபீஸுக்கு அழைத்துப் போனான். அம்மி மறுபடி குழிக்குப் போயிற்று.

ஆபீஸில் இருந்த உதவி அதிகாரி அனந்தகிருஷ்ணன் தமிழர், மாட்டுங்காவாசி. பிரம்மநாயகத்துக்குப் போன உயிர் திரும்பியது.

"சார், நீங்க நம்ம ஊர்க்காரவுக. பாத்தாலே உங்களுக்குத் தெரியும். அது அம்மி சார்."

"அம்மிதான். இல்லேன்னு நான் சொன்னேனா? எங்காத்துலயும் ஒண்ணு இருக்கு. ஆனா அது எங்காத்துல இருக்கு. இது தோட்டத்துல இருக்கு."

"நாந்தான் கொண்டாந்தேன் சார்."

"இங்க இருக்கற எல்லாக் கல்லும் யாரோ ஒருத்தர் கொண்டுவந்ததுதான். பெம்பர்டன் துரை கொண்டுவந்தார். திரும்பிக் கேட்டாரா? பேசாம கப்பலேறிப் போகலையா?"

"உள்ள வரயில தடுத்திருக்கலாம்லா?" என்றார் பரீது.

"கல்லு உள்ள வரப்படாதுன்னு ரூல் போட்டா பாறைத் தோட்டம் எப்படி ஐயா உண்டாகும்? நீங்களே யோசிச்சுப் பாருங்கோ."

இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தார்கள். அவர் சொல்வது சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு எம் மவளுக்குக் கல்யாணம் சார். இந்தக் கல்ல மிதிக்காட்டி மாப்பிள்ள வீட்ல பொண்ணக் கூட்டிட்டுப் போவ மாட்டாவ."

அனந்தகிருஷ்ணன் நல்ல மனுஷர். உச்சுக்கொட்டினார். மேலதிகாரி ஜாம்பேகரைப் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தார். ஜாம்பேகர் சாகேப் பாறைகளைப் பற்றிச் சீமையில் படித்தவர். குழியண்டை வந்து குனிந்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். உலகம்மாளின் மஞ்சள் பொட்டைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். அனந்தகிருஷ்ணன் தமிழில் சொன்னார்:

"ஆதிமனுஷன் தீட்டின நிறம்னு சொல்றார்."

"மஞ்சப் பொடி சார். முந்தாநாத்து வச்சது. தொட்டுப் பாருங்க, கையில ஒட்டும்."

"அதுதான் ஆச்சரியம்ங்கறார். மூவாயிரம் வருஷமாகியும் கையில ஒட்டறது. இப்ப காண்ட்ராக்டர் அடிக்கற பெயிண்ட் ஒரு மழைக்குத் தாங்கறதில்லே. அந்தக் காலத்து வேலை சுத்தத்தைப் பாருங்கோங்கறார்."

"குர்லாவுல இதே போல அடுக்கி வச்சிருக்கான் சார். இன்னொண்ணு வாங்கியாந்து தாரேன். அத வச்சுக்கிட்டு இதக் குடுத்திருங்க."

ஜாம்பேகர் அதைக் கேட்டு யோசித்தார். கல்லுக்குக் கல் மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு. ஆனால் வருகிற கல் போகிற கல்லுக்குச் சமமான சரித்திரம் உடையதாக இருக்க வேண்டும்.

"குர்லாவுல இருக்கறது புதுசுங்கறார்."

"இதுவும் புதுசுதான் சார். ரெண்டும் ஒரே பாறையில வெட்டுனது."

"இது மத்தியானத்துலேந்து தோட்டத்துல இருக்குங்கறார்."

அதோடு பேச்சு முடிந்தது. தோட்டக்காரன் ஒரு டப்பா பெயிண்டோடு வந்தான். பொட்டை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பாறை நிறம் அடிக்கச் சொல்லி உத்தரவாகியிருந்தது.

கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பிய இரண்டு பேரையும் உலகம்மாள் பந்தலிலேயே மறித்தாள். விஷயத்தைப் பரீதுதான் சொன்னார். பிரம்மநாயகம் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆவுடை உள்ளே மருதாணி வைத்த கையை விரித்து உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேற கல்லு பாக்கலாம்னு..." என்று பிரம்மநாயகம் இழுத்தார்.

"வேற பொண்ணு பாக்கலாமான்னு நான் கேட்டா எப்படி இருக்கும் ஒமக்கு?"

உலகம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"நான் பொட்டு வச்சது வச்சதுதான். சாமிக்கு முன்னால சொன்ன சொல்லு. கல்லு இங்கன வராட்டி, கல்லு இருக்க எடத்துக்கு நாம போவோம். அங்கயும் மிதிக்க விடலன்னா, பொண்ணு ஒம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

மறுநாள் அதிகாலை முகூர்த்தத்தில் தாலி கட்டியாயிற்று. கட்டின கையோடு மாப்பிள்ளை, பெண், ஐயர், மேளக்காரர்கள், சீர்த்தட்டு தூக்கின பெண்கள், கூடவே வேடிக்கை பார்க்கத் தாராவித் தெருவில் பாதி, எல்லாரும் சயானைப் பார்க்க நடந்தார்கள்.

தோட்டத்தில் அப்போது பெரிய சங்கடம். மேடை தயார். துணை மந்திரி நாற்காலியில் தயார். டாங்க் லாரியிலிருந்து நீர்வீழ்ச்சி விழ ஆரம்பித்துவிட்டது. பொதுமக்களைத்தான் காணோம். பொதுமக்களாக வரவேண்டிய பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு லீவு என்பதை யாரும் விசாரிக்கவில்லை. வாசலில் நாதஸ்வரம் கேட்டதும் ஜாம்பேகர் ஓடிவந்தார். பட்டுப்புடவையும் பூவுமாக நூறுபேர் வருவதைக் கண்டு, அனந்தகிருஷ்ணன்தான் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்து அவர் கையைக் குலுக்கினார். அனந்தகிருஷ்ணன் மறுக்கவில்லை. அவருக்குப் பிரமோஷன் வரவேண்டியிருந்தது.

கல்யாணக் கூட்டத்தை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். துணை மந்திரி எழுந்தார். அவர் பேசப் பேச அனந்தகிருஷ்ணன் இன்னொரு மைக்கில் தமிழில் சொன்னார்.

"சகோதர சகோதரிகளே! கல்லைப் பாருங்கள். அது அரிசி கேட்கிறதா? ரேஷன் கடையில் நின்று கூச்சல் போடுகிறதா? கூலி போதாதென்று கொடி பிடிக்கிறதா? வைத்த இடத்தில் இருக்கிறது. பெயிண்ட் அடித்தால் வாங்கிக்கொள்கிறது. எண் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. இப்படிப்பட்ட பிரஜைகள் மட்டும் எங்களுக்குக் கிடைத்தால் இந்தத் தேசத்தை ஒரே வருஷத்தில் புனரமைத்துக் காட்டுவோம். கிடைக்கவில்லை. ஆகவேதான் முதலில் கல்லிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம்."

கூட்டம் கைதட்டியது. பேச்சு நீண்டதில் லாரியில் தண்ணீர் தீர்ந்து, நீர்வீழ்ச்சி சொட்டுப் போட்டு நின்றது. மந்திரி அதற்கு முதுகைக் காட்டி நின்றிருந்ததால் தேசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

உலகம்மாளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ராகுகாலம் வந்துகொண்டிருந்தது. "எந்திரிங்கட்டி" என்றாள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேராகக் குழியண்டை நடத்திப் போனாள். வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்தான். தவில்காரர் ஓங்கி ஒரு அடி அடித்தார். விசில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஐயர் மந்திரம் சொன்னார். மாப்பிள்ளை குனிந்து ஆவுடையின் வலது காலைப் பிடித்துத் தூக்கி அம்மிமேல் வைத்து, விரலில் மெட்டியை மாட்டினான். பிரம்மநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கால் கல்லின்மேல்தான் இருந்தது. பெயிண்ட் காயாததால் பாதம் அழகாகப் பதிந்தும் இருந்தது.

"என்ன நடக்கிறது?" என்று துணை மந்திரி கேட்டார்.

"இந்தக் கல்லுக்குரிய புராதனச் சடங்கு, சார். கல்லோடு சடங்கையும் புனரமைத்திருக்கிறோம்" என்றார் ஜாம்பேகர். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

அருந்ததி பார்க்க ஐயர் வானத்தைக் காட்டினார். பெண்ணும் மாப்பிள்ளையும் மேலே பார்த்தார்கள். மந்திரியும் மேலே பார்த்தார். மந்திரி பார்த்ததால் ஜாம்பேகர் பார்த்தார், அனந்தகிருஷ்ணன் பார்த்தார், போலீஸ்காரர்கள் பார்த்தார்கள். நல்ல வெயில். ஒன்றுமில்லை. "மிகவும் நன்றாக இருக்கிறது" என்றார் மந்திரி. கழுத்தைத் தடவிக்கொண்டே, "அது சரி, சரித்திரக் கல்லின்மேல் கால் வைக்கலாமா? விதியில் இடமுண்டா?" என்று கேட்டார்.



கால் வைக்கக் கூடாது. வைத்தால் தண்டனை உண்டு. கால் வைத்தவர்களுக்கு மட்டுமல்ல, வைக்க விட்ட அதிகாரிக்கும் உண்டு. அந்த விதியை எழுதியவரே ஜாம்பேகர்தான்.

"இது சரித்திரக் கல் இல்லை, சார்."

"பின் இங்கே ஏன் இருக்கிறது?"

"ஆக்கிரமிப்பு, சார். நடவடிக்கை எடுக்கிறோம்."

மந்திரி திருப்தியோடு காரில் ஏறினார்.

அனந்தகிருஷ்ணன் பிரம்மநாயகத்திடம் மலர்ந்த முகத்தோடு வந்தார். "நல்ல சமாசாரம். உங்க கல்லு உங்களுக்கே. அது அம்மின்னு ஆபீஸ் ஒத்துண்டாச்சு. இந்த நிமிஷமே எடுத்துண்டு போயிடணும், இல்லேன்னா கேஸ்."

பிரம்மநாயகம் புது வேட்டியை மடித்துக் கட்டினார். பரீது ஒரு பக்கம் பிடித்தார். வாசலுக்குப் போனார்கள்.

"பத்தர் பாஹர் நஹீ ஜாயேகா."

"சார்!"

"வாசல் கேட் எங்க இலாகா இல்லையே" என்றார் அனந்தகிருஷ்ணன். "அது காவல் பிரிவு. அவாளுக்குத் தனியா உத்தரவு வரணும்."

"அப்ப கல்லு இங்கனயே இருக்கட்டும்."

"இருக்கப்படாது."

"வெளிய?"

"போகப்படாது."

"அப்ப நான் என்னதான் சார் செய்ய?"

"ஆக்கிரமிப்புச் சாமானை ஆள் இல்லாம விடப்படாதுன்னு இருக்கு. உத்தரவு வர்றவரைக்கும் நீங்களே பொறுப்பாளரா கூட இருங்கோ." ஆபீஸுக்குள் போய் மேஜை டிராயரைத் துழாவி, சிங்கமுத்திரை போட்ட பித்தளை வில்லை ஒன்றை எடுத்துப் பிரம்மநாயகத்தின் பட்டு அங்கவஸ்திரத்தில் குத்திவிட்டார். வாடகை நாற்காலிகளை எல்லாம் வண்டியேற்றியாயிற்று. மிஞ்சியிருந்தது ஆபீஸுக்குச் சொந்தமான ஒன்றுதான்: துணை மந்திரி உட்கார்ந்தது. அதைக் குழியண்டை போடச் சொன்னார்.

மகளின் கல்யாணச் சாப்பாட்டு வேளையில் பிரம்மநாயகம் வெல்வெட் நாற்காலியில் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செம்பூருக்குப் புறப்பட்ட டாக்சிகள் வாசலில் நின்றன. ஆவுடை வந்து காலில் விழுந்தாள். "சாப்டியாப்பா?" என்றாள். "நீ போம்மா, நேரமாச்சு" என்றார். பின்னாலேயே உலகம்மாள் வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். வில்லையைப் பார்த்தாள். அவளோடு வந்த நாத்தனார்காரியின் முழங்கையை இடித்தாள்.

"பாத்துக்கோ. மந்திரி உக்காந்த நாக்காலி. வேற யாருக்குப் போட்டாவ? எஞ் சம்மந்திக்குத்தான் போட்டிருக்காவ. முத்திரை குத்திருக்கு, பாரு."

பிறகு குரலைத் தாழ்த்தி, "சம்மந்தி, நாங்க வாரோம். ஒங்களுக்கு எல தனியாக் கட்டி அனுப்பச் சொல்லிருக்கேன்" என்றாள்.

இலையைக் கொண்டுவந்தவர் பரீது. கூடவே ஒரு செய்தியும் கொண்டுவந்தார். குனிந்து காதோடு சொன்னார்:

"அண்ணாச்சி, பின்னால வேலி பிஞ்சு கெடக்கு. ஆடு வருது, போவுது. வாட்ச்மேன் தூங்குதான். கல்ல ஆளுக்கொரு பக்கம் புடிப்போம், வாங்க."

பிரம்மநாயகம் இலையைப் பிரித்தார். அப்பளம் நொறுங்கியிருந்தது. பாயசம் சாம்பாரோடு சேர்ந்திருந்தது. நிதானமாக ஒரு கவளம் உருட்டினார்.

"கொஞ்சம் பொறு பரீது. சாயங்காலம் மாப்பிள்ள வீட்டு ஆளுவ இன்னும் கொஞ்சம் பேரு பாக்க வாராவளாம்."

"எதை? கல்லையா?"

பிரம்மநாயகம் அடுத்த கவளத்தை உருட்டினார். சற்றுத் தள்ளி ஒரு குஜராத்திப் பெரியவர், நடந்த களைப்பில் ஒரு பாறைமேல் மெல்லக் கையை ஊன்றினார். சோற்றுக் கையோடு நாற்காலியிலிருந்து எழுந்து, வில்லை வெயிலில் மின்ன, பிரம்மநாயகம் அதட்டினார்:

"ஏ பாய்! ஹாத் உடாவ்!"